பால் பல்லில் ஆழமான சொத்தை: எந்த மருந்து, எந்த மூடி? பெற்றோர் அறிய வேண்டியவை



"பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகுது." வீரகேரளம்புதூர், சுரண்டை, தென்காசி வட்டாரத்தில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் இது. முன்பற்களைப் பொறுத்தவரை 6, 7 வயதில் அது நடந்துவிடும். ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 9 வயது முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. 5 வயதில் சொத்தையாகும் ஒரு கடைவாய்ப் பல், அந்தப் பிள்ளை இன்னும் நான்கு முதல் ஏழு ஆண்டுகள் மென்று சாப்பிட வேண்டிய பல்.

இது ஏதோ சில வீடுகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது. பால் பல் சொத்தை உள்ள பிள்ளைகள் உலகில் 51.4 கோடி பேர் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

பிள்ளை அழுத பிறகுதான் பெரும்பாலும் நாம் மருத்துவரிடம் போகிறோம். அவர் பார்த்துவிட்டு, "நரம்பு வரைக்கும் போயிருச்சு" என்கிறார். பிறகு இந்த மருந்து வைத்தால் இவ்வளவு, அந்த மருந்து வைத்தால் அவ்வளவு, மேலே கேப் போட்டால் இன்னும் இவ்வளவு என்று கணக்கு வருகிறது. தினக்கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் என்ன முடிவு எடுப்பது என்று தெரிவதில்லை. ஒன்று, குறைந்த விலையில் இருப்பதைச் செய்யச் சொல்கிறோம். அல்லது பிடுங்கிவிடச் சொல்கிறோம். அல்லது "அடுத்த மாசம் வாரோம்" என்று எழுந்து வந்துவிடுகிறோம்.

அந்த நாற்காலிக்கு அருகில் நிற்கும்போது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம். நாம் பல் மருத்துவர் அல்ல. எந்தப் பல்லுக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் பெற்றோர் சரியான கேள்வியைக் கேட்டால் அந்த முடிவு இன்னும் நல்லதாக அமையும்.

பால் பல்லில் சொத்தை ஏன் இவ்வளவு வேகமாக ஆழமாகிறது?

பல்லைப் "பூச்சி" தின்னுவதாகச் சொல்வது நம் வழக்கம். உண்மையில் பூச்சி எதுவும் இல்லை. வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது.

பல்லின் வெளி ஓடு எனாமல். அதற்குள் டென்டின். அதற்கும் உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த மென்மையான பகுதி. இதைப் பாடநூல்கள் பற்கூழ் என்கின்றன; மருத்துவர்கள் நம்மிடம் "நரம்பு" என்கிறார்கள். பால் பல்லில் எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. பற்கூழோ பல்லின் அளவுக்கு ஒப்பிட்டால் பெரியது. எனவே வெளியே சிறு கரும்புள்ளியாகத் தெரிவது, உள்ளே நரம்பை நெருங்கியிருக்கக்கூடும்.

அந்தப் பால் பல்லின் வேர்களுக்கு இடையில்தான் நிரந்தரப் பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. மேலே சீழ் பிடித்து அப்படியே விடப்பட்டால், கீழே வளரும் புதுப் பல்லின் எனாமலும் பழுதாகி முளைக்க வாய்ப்பு உண்டு. பல்லை முன்கூட்டியே பிடுங்கினாலோ பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து வந்து, புதுப் பல் வரும் வழியை அடைத்துவிடும். பற்கள் கோணலாக முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கேள்வி: நரம்பு உயிரோடு இருக்கிறதா?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒவ்வொரு நிலைக்கும் சிகிச்சை வேறு.

1. சொத்தை ஆழம், ஆனால் நரம்பைத் தொடவில்லை. இனிப்பு, குளிர்ச்சி பட்டால் சுருக்கென்று வலித்து உடனே நின்றுவிடும். இந்த நிலையில் நரம்பைத் திறக்கவே தேவையில்லை. சொத்தையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, நரம்புக்கு மிக அருகில் இருக்கும் மெல்லிய படலத்தை மட்டும் விட்டு, மேலே காற்றும் எச்சிலும் புகாமல் அடைத்துவிடுவார்கள். உணவு கிடைக்காத பாக்டீரியா அடங்கிப்போகும். "சொத்தையை முழுசா எடுக்கலையே" என்று பெற்றோர் சந்தேகப்பட வேண்டியதில்லை. இது நன்கு சோதிக்கப்பட்ட முறை.

2. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. ஆனால் பாதிப்பு மேல்பகுதியோடு நிற்கிறது. இதற்கான சிகிச்சையின் பெயர் பல்போட்டமி. பல்லின் மேல்பகுதியில் உள்ள பற்கூழை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் இருப்பதை உயிரோடு விட்டுவைத்து, அதன்மேல் ஒரு மருந்தை வைத்து மூடுவார்கள். எந்த மருந்து என்ற கேள்வி முக்கியமாக எழுவது இங்கேதான்.

3. நரம்பு இறந்துவிட்டது. காரணமே இல்லாமல் இரவில் பிள்ளை அழுது எழுவது, வலி நெடுநேரம் நீடிப்பது, ஈறில் கொப்புளம், பல் ஆடுவது, கன்னம் வீங்குவது ஆகியவை நரம்பு மிகவும் கெட்டுவிட்டதன் அடையாளங்கள். ஈறில் கொப்புளம் வந்த பிறகு வலி குறைந்தால் குணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வலி குறைந்திருக்கிறது. நோய் உள்ளே அப்படியே இருக்கிறது.

இவற்றைப் பிரித்தறிய எக்ஸ்ரே அவசியம். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவு. பல்போட்டமி செய்யும்போது இன்னொரு அடையாளமும் உண்டு. மேல்பகுதிக் கூழை எடுத்தபின் ஈரப்பஞ்சை வைத்து அழுத்தினால் சில நிமிடங்களில் ரத்தம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேரிலும் நோய் பரவியிருக்கிறது என்று பொருள். அப்போது மருத்துவர் திட்டத்தை மாற்றுவார். "முதல்ல ஒண்ணு சொன்னாரு, இப்ப வேற சொல்றாரு" என்று அவரைக் குறை கூறக் கூடாது.

பல்போட்டமி மருந்துகள்: ஓர் ஒப்பீடு

ஃபார்மோகிரசால்: 1904இல் பக்லி என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்த கலவை. ஃபார்மால்டிஹைடு, கிரசால், கிளிசரின், தண்ணீர் சேர்ந்தது. 1930களிலிருந்து பால் பற்களில் பல்போட்டமிக்குப் பயன்பட்டு வருகிறது. பஞ்சில் தொட்டுச் சில நிமிடங்கள் வைத்து எடுத்துவிடுவார்கள். மலிவானது, பல்லைக் காப்பாற்றுவதில் நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் இது திசுவைக் குணப்படுத்துவதில்லை, பதப்படுத்தி வைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. தொழிற்சாலைகளில் நெடுங்காலம் அதன் ஆவியைச் சுவாசித்தவர்களிடம் கண்டதை முக்கிய ஆதாரமாகக் கொண்ட முடிவு அது. பல்லில் சில நிமிடங்கள் வைக்கும் மிகச் சிறு அளவால் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வந்ததாக நிரூபணம் இல்லை. எனவே ஏற்கெனவே இந்த மருந்து வைத்த பிள்ளையின் பெற்றோர் பதற வேண்டாம். அதே சமயம், சமமான அல்லது அதைவிட நல்ல மருந்து இருக்கும்போது அதைக் கேட்பதில் தவறில்லை.

ஃபெரிக் சல்பேட்: இரும்புச் சத்து உள்ள கரைசல். பல்போட்டமிக்கு 15.5 சதவீதக் கரைசலைப் பயன்படுத்துவார்கள். ரத்தக் குழாய்களின் வாயை அடைத்து ரத்தத்தை நிறுத்துகிறது. ஃபார்மால்டிஹைடு இல்லை. விலை குறைவு, நேரமும் குறைவு. பலனில் ஃபார்மோகிரசாலுக்கு நெருங்கி வருகிறது. ஒரு குறை, ரத்தத்தை வலுவில் நிறுத்திவிடுவதால், வேரில் நோய் இருப்பதைக் காட்டும் அடையாளத்தை மறைத்துவிடக்கூடும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு: பெரியவர்களின் பற்களில் நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து. பால் பல்லில் பல்போட்டமிக்கு மட்டும் இது பின்தங்கிவிட்டது. பல் தன்னைத்தானே உள்ளிருந்து கரைத்துக்கொள்ளும் நிலை இதனால் அதிகம் ஏற்பட்டது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாதமி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைப் பரிந்துரைக்கவில்லை. கவனிக்க: முதல் நிலையில் சொன்னபடி நரம்பு திறக்கப்படாத ஆழ்குழியின் அடியில் மெல்லிய பூச்சாக இதை வைப்பது வேறு விஷயம். அதில் தடை இல்லை.

எம்.டி.ஏ.: அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு நெருங்கிய கலவைதான். ஆனால் மருத்துவத் தரத்தில் தூய்மைப்படுத்தப்பட்டது. கால்சியம் சிலிகேட் இதன் அடிப்படை. ஈரத்திலேயே இறுகுவதுதான் இதன் தனிச்சிறப்பு. வேரில் உள்ள உயிர்த்திசுவோடு ஒத்துப்போய், அதன்மேல் புது டென்டின் படலம் உருவாக உதவுகிறது. குறைகள்: விலை அதிகம், முழுதாக இறுக மணிக்கணக்கில் ஆகும், இதில் உள்ள பிஸ்மத் ஆக்சைடால் பல் சாம்பல் நிறமாக மாறலாம். கடைவாய்ப் பல்லில் மேலே மூடி வருவதால் நிறமாற்றம் பெரிய குறையாகாது.

பயோடென்டின்: பிரான்ஸின் செப்டோடான்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. இதுவும் கால்சியம் சிலிகேட் குடும்பம்தான். பிஸ்மத் இல்லாததால் நிறமாற்றம் குறைவு. ஏறத்தாழ 12 நிமிடங்களில் இறுகிவிடும். அடங்காமல் அசையும் சிறு பிள்ளைகளுக்கு இது வசதி. பலனில் எம்.டி.ஏ.வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. விலை இதற்கும் அதிகமே.

ஆய்வுகள் சொல்வது என்ன?

காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு, பால் பல்லின் நரம்புச் சிகிச்சை பற்றிய 87 ஆய்வுகளை, மொத்தம் 7140 பற்களை, 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பல்போட்டமியைப் பொறுத்தவரை எம்.டி.ஏ. மிகச் சிறந்ததாகத் தெரிகிறது, கால்சியம் ஹைட்ராக்சைடு பின்தங்குகிறது என்பது அதன் முடிவின் சாரம்.

மேலே சொன்ன 2017 வழிகாட்டுதல் எம்.டி.ஏ.வையும் ஃபார்மோகிரசாலையும் வலுவாகப் பரிந்துரைத்தது. ஃபெரிக் சல்பேட்டையும், பயோடென்டின் போன்ற டிரைகால்சியம் சிலிகேட் வகைகளையும் அடுத்த நிலையில் ஏற்றது.

எனவே வசதி இருப்பவர்கள் எம்.டி.ஏ. அல்லது பயோடென்டின் கேட்கலாம். வசதி இல்லாதவர்கள் ஃபெரிக் சல்பேட்டோ ஃபார்மோகிரசாலோ வைப்பதால் பிள்ளைக்கு அநீதி செய்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. பல்லைச் சிகிச்சை இல்லாமல் விடுவதைவிட இவற்றில் எதுவும் மேல்.

மருந்தைவிடப் பெற்றோர் மறந்துவிடும் ஒன்று: மேல்மூடி

விலை உயர்ந்த மருந்தை வைத்துவிட்டு, "கேப் அப்புறம் பாத்துக்கலாம்" என்று வந்துவிடும் குடும்பங்கள் உண்டு. இங்கேதான் பணமும் பல்லும் சேர்ந்து வீணாகின்றன. உள்ளே கூழ் எடுக்கப்பட்ட பல் பலவீனமானது. வெறும் அடைப்பு ஓரத்தில் கசிந்தால் எச்சிலும் பாக்டீரியாவும் உள்ளே புகுந்து, நல்ல மருந்தையும் தோற்கடிக்கும்.

கடைவாய்ப் பால் பல்லுக்குப் பெரும்பாலும் ஏற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப். 1950இல் ஹம்ஃப்ரி என்ற மருத்துவர் பிள்ளைகளின் பற்களுக்கு அறிமுகப்படுத்திய இது, இன்றுவரை நிலைத்திருக்கிறது. பல வடிவங்களில் ஆயத்தமாகவே கிடைப்பதால் அளவெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. பல் விழும்போது கேப்பும் அதோடு விழுந்துவிடும். வெள்ளை நிறம் வேண்டுவோருக்கு ஸிர்கோனியா கேப் உண்டு; அதற்குப் பல்லை அதிகம் தேய்க்க வேண்டும், விலையும் அதிகம். இரண்டு மருந்துகளில் விலை குறைந்ததை எடுத்து, மிச்சப் பணத்தில் ஸ்டீல் கேப் போட முடியும் என்றால், அது புத்திசாலித்தனமான முடிவு. பல இடங்களில் மருந்தும் மூடியும் ஒரே நாளில் முடிந்துவிடும். இன்னொரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

நரம்பு கெடாத பல்லாக இருந்தால் ஊசியும் டிரில்லும் இல்லாமல் சொத்தையின் மேலேயே ஸ்டீல் கேப்பை ஒட்டிவிடும் முறையும் உண்டு. ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் பெயரால் அது ஹால் முறை எனப்படுகிறது. பயப்படும் பிள்ளைகளுக்கு நல்ல வழி.

பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு (அமால்கம்) பற்றியும் ஒரு சொல். பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பால் பற்களிலும் 15 வயதுக்குட்பட்டோரிடமும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாரிடமும் அதைத் தவிர்க்க 2022இல் முடிவு செய்தன. ஸ்டீல் கேப் வேறு, அமால்கம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நரம்பு இறந்துவிட்டால்?

வேர் வலுவாக இருந்தால் வேர்க்குழாய்கள் முழுவதையும் சுத்தம் செய்து நிரப்பும் பல்பெக்டமி செய்யலாம். இது பால் பல்லின் ரூட் கெனால். பெரியவர்களுக்கு நிரப்பும் கட்டாபெர்ச்சா இங்கே உதவாது. பால் பல்லின் வேர் கரைந்துதான் புதுப் பல்லுக்கு வழி விட வேண்டும்; கட்டாபெர்ச்சா கரையாது. அதனால் ஜிங்க் ஆக்சைடு யூஜினால் கலவையையோ, கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் சேர்ந்த பசையையோ நிரப்புவார்கள். முதலாவது மெதுவாகவும், இரண்டாவது விரைவாகவும் கரையும்.

வேர் அதிகம் கரைந்து, பல் ஆடி, எலும்பிலும் நோய் பரவியிருந்தால் பிடுங்குவதே சரி. அப்போது "இடம் காக்கும் கம்பி போட வேண்டுமா?" என்று கேட்க மறக்க வேண்டாம்.

மார்க்க ரீதியாக எழும் இரண்டு கேள்விகள்

இந்த மருந்துகளில் மிருகக் கொழுப்பு, எலும்பு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். எம்.டி.ஏ., பயோடென்டின், ஃபெரிக் சல்பேட், ஜிங்க் ஆக்சைடு எல்லாம் கனிம வகைகள். யூஜினால் கிராம்புத் தைலத்தின் முக்கியப் பொருள்.

கேப் இருந்தால் குளிப்பு நிறைவேறுமா என்பது அடுத்த கேள்வி. பருவமடையாத பிள்ளைக்குக் குளிப்பு கடமையே இல்லை. பெரியவர்களுக்கும், மருத்துவத் தேவைக்காக நிலையாகப் பொருத்திய மூடி குளிப்புக்குத் தடையாகாது என்றே அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். இந்தக் காரணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே போவது? என்ன கேட்பது?

நம் பகுதியினர் முதலில் தென்காசி அரசு தலைமை மருத்துவமனையின் பல் பிரிவை அணுகலாம். அங்கே முடியாத சிகிச்சைக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியாரிடம் போவோர், குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்தவர் கிடைத்தால் அவரிடம் காட்டுவது நல்லது. 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகிறது. அவர்கள் சொத்தைப் பல்லையும் பார்க்கிறார்கள். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டைப் பையிலேயே விட்டுவிட வேண்டாம்.

மருத்துவரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. நரம்பு உயிரோடு இருக்கிறதா? எக்ஸ்ரேயில் வேர் எப்படி இருக்கிறது?
2. இந்தப் பல் விழ இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன?
3. உள்ளே எந்த மருந்து வைக்கிறீர்கள்?
4. மேலே என்ன மூடி? என்றைக்குப் போடுவீர்கள்?
5. மறுபடி எப்போது காட்ட வேண்டும்?

6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக முளைக்கும் கடைவாய்ப் பல் நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலேயே அது முளைப்பதால், பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது போனால் மறுபடி முளைக்காது.

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு சில மணி நேரம் பிள்ளை உதட்டையும் கன்னத்தையும் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெடிக்கலில் மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்து வலியை அடக்குவது சிகிச்சையாகாது. கன்ன வீக்கத்தோடு காய்ச்சல், கண்ணை நோக்கிப் பரவும் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் இருந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வராமல் காப்பது

பால் புட்டியை வாயில் வைத்தபடியே பிள்ளையைத் தூங்கவிடாதீர்கள். சீனி போட்ட டீயும் பிஸ்கட்டும் நாள் முழுக்க அடிக்கடி வேண்டாம். இனிப்பைச் சாப்பாட்டு நேரத்தோடு கொடுங்கள். முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃப்ளோரைடு உள்ள பற்பசையால் காலையிலும், இரவு தூங்கும் முன்பும் நீங்களே தேய்த்துவிடுங்கள். 3 வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு பசை போதும். மிஸ்வாக் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்றுக்கொடுப்பது நம் வழிமுறை. அதோடு பற்பசையும் சேர்ந்தால் பாதுகாப்பு இன்னும் கூடும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தன் வலியைச் சரியாகச் சொல்லத் தெரியாத வயதில், இரவில் ஒரு பக்கமாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கும் பிள்ளைக்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான். இன்று இரவு பல் தேய்த்துவிடும்போது செல்போன் வெளிச்சத்தில் கடைவாய்ப் பற்களை ஒருமுறை பாருங்கள். கரும்புள்ளியோ குழியோ தெரிந்தால் இந்த வாரமே காட்டிவிடுங்கள். முதல் நிலையில் போகிறவருக்குச் செலவும் குறைவு, பிள்ளைக்கு வலியும் குறைவு.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக.